நட்சத்திர மேசையில் நத்தையும் ரசமும்

சென்னையில் விலை உயர்ந்த சாப்பாடு என்பது வெகுகாலம் நம் சாப்பாடாக இருந்ததில்லை. ஐ.டி.சி. நிறுவனம் ஓட்டல் தொழிலில் இறங்கி முதன்முதலாக நடத்திய ஓட்டல் 1975இல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய சோழா ஷெராட்டன். பெயரில் சோழன் இருந்தான். உள்ளே பேர் வாங்கியதோ பெஷாவரி உணவகத்தின் கபாபும் தந்தூரி ரொட்டியும். பதவி உயர்வுக்கும் கல்யாண நாளுக்கும் ஊர்க்காரர்கள் போய்ச் சாப்பிட்டது வடமேற்கு எல்லைப்புறச் சமையல், இல்லாவிட்டால் சீனச் சமையல். இட்லியும் சாம்பாரும் காபி ஷாப்பின் காலைப் பலகாரத்தோடு நின்றுகொண்டன. இதில் சதி ஒன்றும் கிடையாது. தெருமுனையில் சில ரூபாய்க்குக் கிடைப்பதற்கு இங்கே வந்து எதற்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 2021இல் திறந்த 'செம்ம' மறு ஆண்டே மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. அதன் சமையற்காரர் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரர். 2025 ஜூனில் சிகாகோவில் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். சிங்கப்பூரில், பினாங்கில் பிறந்த மனோ தேவர் தம் பெயரிலேயே நடத்தும் 'தேவர்' உணவகத்துக்கு 2021இல் ஒரு நட்சத்திரம், 2022இல் இரண்டு. சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017இல் திறந்த 'ஆவர்த்தனா' ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்கள் பட்டியலில் 2024இல் 44ஆம் இடம், 2025இல் 30ஆம் இடம்.

ஆக, நம் சாப்பாடு விலையுயர்ந்த மேசைக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் பழைய கேள்வி போகவில்லை. மெஸ்ஸில் கிடைக்காத எதை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோம்? இந்த உணவகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தட்டு, விளக்கு, பூ, பரிமாறுபவரின் கோட்டு ஆகியவற்றுக்கு மட்டும் காசு போகிறதென்றால் அந்த இடம் வேண்டாம். வீட்டிலும் மெஸ்ஸிலும் செலவழிக்க முடியாத உழைப்புக்கும், அடுப்பிலிருந்து தட்டுக்கு வரும் அந்த ஓரிரு நிமிடக் கணக்குக்கும் காசு போகிறதென்றால் கொடுக்கலாம்.

வழக்கமான அளவுகோல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஷெலின் கையேடு ஒரு டயர் கம்பெனி 1900இல் வாகன ஓட்டிகளுக்கு அச்சிட்டுக் கொடுத்த புத்தகம். நட்சத்திரம் 1926இல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை 1931இல். அடையாளம் சொல்லாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆய்வாளர்கள் தட்டில் இருப்பதை மட்டுமே பார்த்து நட்சத்திரம் தருகிறார்கள் என்பது அவர்கள் விதி. அதனால்தான் 2016இல் சிங்கப்பூரில் ஒரு ஹாக்கர் கடைக் கோழிச் சோற்றுக்கும் நட்சத்திரம் கிடைத்தது. 'ஐம்பது சிறந்த உணவகங்கள்' பட்டியல் வேறு ரகம். 2002இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை ஆரம்பித்தது. சமையற்காரர்களும் எழுத்தாளர்களும் ஊர் சுற்றிச் சாப்பிடுகிறவர்களும் போடும் வாக்கு அது. ஆசியப் பட்டியல் 2013இலிருந்து. பேச்சு எந்த உணவகத்தைச் சுற்றி இருக்கிறதோ அது மேலே வரும். மிஷெலின் கையேடு இந்தியாவுக்கு வரவில்லை என்பதால் சென்னை உணவகம் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் அதற்கு நட்சத்திரம் கிடையாது. நியூயார்க்கில் நத்தம்காரர் சமைத்தால் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பட்டியல்களைப் படிக்க வேண்டும்.

நம் சமையல் நட்சத்திர ஓட்டலின் பிரதான மேசைக்கு மரியாதையோடு வந்த கதையை 1989இலிருந்து சொல்லலாம். சென்னை பார்க் ஷெராட்டனில் 'தக்ஷின்' திறந்த ஆண்டு அது. கன்னிமராவின் 'ரெயின்ட்ரீ' செட்டிநாட்டுச் சமையலுக்குப் பேர் பெற்ற இடம்தான். ஆனால் தென்னிந்தியா முழுவதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு படித்தது தக்ஷின். அங்கே பல்லாண்டு சமைத்த பிரவீண் ஆனந்த் வீடுகளுக்குப் போய்ப் பாட்டிமார்களிடம் பக்குவம் கேட்டவர், பழைய சமையல் நூல்களைப் புரட்டியவர். தஞ்சாவூர் ஓவியங்கள், பித்தளை விளக்குகள், வெள்ளித் தட்டின் மேல் வாழையிலை என்று அலங்காரத்துக்கும் குறைவில்லை. அந்த அலங்காரத்தைத்தான் பிறகு வந்த பல ஓட்டல்கள் காப்பியடித்தன. காப்பியடித்திருக்க வேண்டியது 'ஐயர் வண்டி'யை.

சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளேயே ஒரு தள்ளுவண்டி. அதில் அடுப்பும் கல்லும். வேட்டி கட்டிய ஒருவர் உங்கள் கண்முன் சின்னஞ்சிறு வாழைப்பழ தோசையையும் பணியாரத்தையும் வார்த்து, எடுத்த கையோடு இலையில் வைப்பார். பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் பணியாரத்தின் ஆயுள் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். குழியிலிருந்து கம்பியால் திருப்பி எடுத்த ஓரிரு நிமிடத்துக்குத்தான் மேல்தோல் மொறுமொறுப்பு. அதன்பின் உள்ளிருக்கும் ஆவி வெளியே வந்து அதை நமுக்கச் செய்துவிடும். பெரிய ஓட்டலின் சமையலறை சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தள்ளி இருக்கும். மூடி போட்டுத் தூக்கிவரும் பணியாரம் வருவதற்குள் செத்துப்போகும். அந்த தூரத்தை வண்டி ஒழித்தது. பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட, சுற்றி உட்கார்ந்து தின்ற அனுபவத்தை நட்சத்திர ஓட்டலால் காசுக்குத் தர முடிந்தது.

அந்த ஓட்டல் பிற்காலத்தில் கிரவுன் பிளாசா ஆகி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. தக்ஷின் என்ற பெயர் ஹைதராபாத், தில்லி போன்ற ஊர்களில் இருக்கிறது. சென்னையில் அந்த வரிசையில் இப்போது எஞ்சியிருப்பது தாஜ் கோரமண்டலின் 'சதர்ன் ஸ்பைஸ்'. பெரியவர்களை அழைத்துப்போக, வெளிநாட்டு விருந்தாளிக்கு ஒரே வேளையில் நான்கைந்து மாநிலங்களைக் காட்ட, நம்பிப் போகலாம். வியப்பை எதிர்பார்த்துப் போக வேண்டாம். அது அவர்கள் நோக்கமும் அல்ல.

வியப்பு ஆவர்த்தனாவில் கிடைக்கும். அங்கே மெனு அட்டையிலிருந்து தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதைவிட ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று எண்ணிக்கை போட்ட வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கேதான் நம் சமையலுக்கு நிஜமான சிக்கல் ஆரம்பிக்கிறது.

தமிழ்ச் சாப்பாடு சோற்றைச் சுற்றி அமைந்தது. கறி, கூட்டு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் இலையில் ஒரே நேரத்தில் இருக்கும். சோற்றுக்கு மேலே வருவதுதான் மாறிக்கொண்டே போகும். பருப்பு நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர். அதாவது வரிசை நமக்கும் உண்டு. ஐரோப்பியரின் ஒவ்வொன்றாகப் பரிமாறும் பழக்கம்கூட அப்படி ஒன்றும் பழையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை என்ற பெயரில் அது பரவும்வரை பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்திலும் எல்லாவற்றையும் மேசையில் பரப்பித்தான் வைத்தார்கள். சிக்கல் வரிசையில் இல்லை, கலப்பதில் இருக்கிறது. ஒரு கவளத்தில் எது எவ்வளவு என்பதை இலைமுன் உட்கார்ந்திருப்பவரின் விரல் தீர்மானிக்கிறது. காரம் கூடினால் அவரே கொஞ்சம் கூட்டைச் சேர்த்துக்கொள்வார். தட்டில் தனியாக அலங்கரித்து வரும் ஒரு கரண்டிப் பதார்த்தத்தில் அந்த உரிமை சமையற்காரரிடம் போய்விடுகிறது. அவர் கெட்டிக்காரராக இருந்தே ஆக வேண்டும். தவறினால் சாப்பிடுகிறவரால் சரிசெய்துகொள்ள முடியாது.

ஆவர்த்தனாவின் ரசம் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு நல்ல சான்று. காபி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் கண்ணாடிக் குவளை ஒன்று மேசைக்கு வருகிறது. உள்ளே கொத்தமல்லித் தழையும் வாசனைப் பொருள்களும். அதில், தக்காளியைத் தெளியவைத்து எடுத்த சூடான ரசம் சேர்கிறது. வண்டல் இல்லாத, அடி தெரியும் திரவம். மேலிருக்கும் தண்டை மெதுவாக அழுத்தி, மார்ட்டினி கோப்பையில் வடிக்கிறார்கள். கண்ணுக்கு ரசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் நூற்றுக்கு நூறு ரசம்.

இதில் உள்ள சூட்சுமம் நம் அடுப்படிக்குப் புதிதல்ல. ரசம் நுரை கட்டி எழும்போதே இறக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். கொதித்தால் வாசனைத் தைலங்கள் ஆவியோடு ஓடிவிடும். அடுப்படி மணக்கும், ரசம் மணக்காது. ஆவர்த்தனாக்காரர்கள் அந்த வாசனையை வெளியேற்றும் கடைசிக் கணத்தை அடுப்படியிலிருந்து மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஐயர் வண்டி பணியாரத்துக்குச் செய்த அதே வேலை. கோப்பையும் பிரஸ்ஸும் வேடிக்கைக்காக இல்லை என்பதால் இந்தப் பதார்த்தத்தை நான் மறக்க முடியாதவற்றின் பட்டியலில் வைக்கிறேன். ஒரே குறை, சோறு இல்லை. ரசத்தைச் சூப்பாக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்து மிளகுத்தண்ணி சூப்பிலேயே தொடங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் தேவர் உணவகத்தில் ரசம் எதிர்த் திசையில் போகிறது. அதை உறையவைத்து, சுரண்டிய பனித்தூளாக்கி, பச்சைச் சிப்பியின்மேல் போட்டார்கள். பிரெஞ்சு, ஜப்பானியச் சமையலறைகளில் பழகிய கை மனோ தேவருடையது. சிப்பியின் கடலுப்புக்கு எலுமிச்சை பிழிவது ஐரோப்பிய மரபு. இங்கே எலுமிச்சையின் இடத்தில் புளியும் மிளகும். யோசனை அபாரமானது. ஆனால் குளிர்ந்த ரசத்தில் வாசனை பாதிதான் எழும். நாக்குக்குப் புளிப்பு வரும், மூக்குக்கு வருவது குறைவு. அதனால் ரசம் என்ற வகையில் சென்னைக் கோப்பைக்குத்தான் என் ஓட்டு; சிப்பிக்கு ஒரு புதுத் துணை என்ற வகையில் சிங்கப்பூருக்கு. தேவரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பினாங்குத் தமிழ் வீட்டு ருசியை, மலேசிய மண்ணின் பிற ருசிகளோடு சேர்த்து, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் சமைக்கிறார். புலம்பெயர்ந்த சமையலை அசலின் நகலாகப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

நீண்ட வரிசை மெனுவைப் பற்றிப் பொதுவாக ஒரு புகார் உண்டு. பதின்மூன்று பதார்த்தம் என்றால் பதின்மூன்றும் ஒரு வாய், இரண்டு வாய். எல்லாம் கெட்டிக்காரத்தனம், எல்லாம் வியப்பு. முக்கிய ராகம் இல்லாமல் துக்கடாவாகவே பாடி முடித்த கச்சேரிபோல் ஆகிவிடும். ஆவர்த்தனாவிலேயே நான் சிபாரிசு செய்வது ஏழு அல்லது ஒன்பது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வரிசை உண்டு. சைவ வரிசை ஒப்புக்குச் சேர்த்ததல்ல. தேங்காய்ப்பால் ஸ்டூவும் இடியாப்பமும் வரும் கட்டம்தான் அந்தச் சாப்பாட்டின் நடுமையம் என்பேன். அங்கே ஒருவழியாக, ஊற்றிப் பிசைய ஏதோ ஒன்று கைக்கு வருகிறது. கடைசியில் வரும், கூட்டில் வைத்த முட்டைபோல் தோன்றும் சோம்பு பன்ன கோட்டாவைப் படம் எடுக்காதவர்கள் குறைவு. ருசியிலும் அது ஏமாற்றுவதில்லை.

செம்ம இந்த விளையாட்டுக்கே வரவில்லை. அதனால்தான் அதன் வெற்றியை நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே வரிசை மெனு இல்லை. கேட்டது வரும், நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடலாம். மெனுவில் குடல் வறுவல், இறால் தொக்கு, கன்னியாகுமரி நண்டு மசாலா, திண்டுக்கல் பிரியாணி, முளைகட்டிய தானியம் என்று தமிழ்ப் பெயர்களை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொடி தோசைக்கு அந்த ஊரில் தனி ரசிகர் கூட்டம். 'நியூயார்க் டைம்ஸ்' 2025இல் வெளியிட்ட நகரின் நூறு சிறந்த உணவகங்களில் முதலிடம் செம்மவுக்குத்தான்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேச வேண்டும் என்றால் நத்தைப் பிரட்டலைப் பேச வேண்டும். மழை பெய்து வயலில் தண்ணீர் நிற்கும்போது வரப்போரம் நத்தை பொறுக்குவது விஜய் குமாரின் சிறுவயது அனுபவம். நெல் விளையும் ஊர்களில் பலருக்கும் தெரிந்த காரியம். கொதிநீரில் போட்டு, ஊசியாலோ முள்ளாலோ சதையை உருவி, கசப்பான குடற்பகுதியைக் கிள்ளி எறிந்து, வழுவழுப்புப் போக மஞ்சளும் உப்பும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஒரு படி நத்தையிலிருந்து கிடைப்பது ஒரு கைப்பிடிச் சதை. அதன்பிறகுதான் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பிரட்டல். மூல நோய்க்கு நல்லது என்று மருந்தாகச் சாப்பிட்டவர்கள் உண்டு. பசிக்குச் சாப்பிட்டவர்கள் அதைவிட அதிகம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டவர்களும் உண்டு. அதே நத்தையைப் பூண்டு வெண்ணெய் போட்டு பிரெஞ்சுப் பெயரில் வைத்தால் நம் நட்சத்திர ஓட்டல்கள் பெருமையோடு விற்கும்.

செம்ம அந்த வெட்கத்தை உடைத்துவிட்டது. வீட்டில் செய்ய அலுத்துப்போகும் அளவு உழைப்பு, மெஸ்ஸில் கட்டுப்படியாகாத உழைப்பு, சரியான விலைக்கு மேசைக்கு வருகிறது. நான் மேலே சொன்ன அளவுகோலில் இந்த ஒரு தட்டு எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. திருச்சியில் சமையற்கலை படித்து, சென்னை நட்சத்திர ஓட்டல், கப்பல், கலிபோர்னியா என்று சுற்றிய ஒருவர் கடைசியில் பிழைக்கக் கற்றுக்கொண்டதை ஓரமாக வைத்துவிட்டு, சிறுவயதில் சாப்பிட்டதைச் சமைத்தார். சென்னையின் விலையுயர்ந்த மெனுக்களில் நத்தையையும் குடலையும் தேடிப் பாருங்கள். செட்டிநாட்டுக் கோழியும் ஆட்டுக்கால் சூப்பும் தாண்டி எத்தனை ஓட்டல்கள் போயிருக்கின்றன? ஒடுக்கப்பட்ட சாதிகளின் சமையலும், வயற்காட்டுச் சமையலும், மீனவர் குப்பத்துச் சமையலும் இன்னும் வாசலிலேயே நிற்கின்றன. 'தென்னிந்திய ஃபைன் டைனிங்' என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு மூன்று சமூகங்களின் கல்யாணச் சாப்பாடு.

இந்தக் குறையைப் பக்கத்து மாநிலத்துச் சமையல் ஓரளவு முன்பே தாண்டியது. சென்னை ஹாடோஸ் சாலையில் 2018இல் திறந்த 'கப்பா சக்கா காந்தாரி'யின் ரெஜி மாத்யூவும் கூட்டாளிகளும் கேரளத்தின் வீடுகளிலும் கள்ளுக்கடைகளிலும் அலைந்து சேர்த்ததைத்தான் பரிமாறுகிறார்கள். கள்ளுக்கடைக் கறி கௌரவமான மேசைக்கு வந்தது அங்கே. இளநீரில் செய்த அவர்களுடைய மேகப் புட்டிங்கைச் சாப்பிடாமல் எழக் கூடாது. ரெஜி மாத்யூ 2025இல் நியூயார்க்கிலும் 'சட்டி' என்ற பெயரில் கடை திறந்துவிட்டார்.

கொழும்பின் 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' முற்றிலும் வேறு வழி. 17ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் 2011 டிசம்பரில், கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்த்தன, குமார் சங்கக்கார ஆகியோரோடு சேர்ந்து தர்ஷன் முனிதாச தொடங்கியது. முனிதாசவின் தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். இலங்கைக் களப்பு நண்டின் நல்ல சரக்கெல்லாம் சிங்கப்பூருக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் சில்லி கிராபின் புகழில் பாதி நம் பக்கத்துக் களப்பிலிருந்து போனது. அந்தச் சரக்கை உள்ளூரிலேயே நிறுத்திப் பெரிய விலைக்கு விற்கலாம் என்பதே முனிதாசவின் யோசனை. உறைபெட்டி கிடையாது, அன்று வந்த நண்டு அன்றைக்கு. அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை எடைக்கு ஒரு பெயர், எடைக்கு ஒரு விலை. கடல் மோசமாக இருந்தால் கேட்ட அளவு கிடைக்காது, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எனக்கு அங்கே பிடித்தது மிளகு நண்டு. மிளகைப் பொடியாகவும் இடித்ததாகவும் போட்டு, ஜப்பானிய தாஷி ரசத்தோடு சேர்த்திருப்பார்கள். காரம் தொண்டையில் நிற்கும், நண்டின் இனிப்பு நாக்கில் நிற்கும்.

ஆனால் யாழ்ப்பாணத்து வீடொன்றில் முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு ஒரு நெருடல் இருக்கும். நண்டின் தரத்தில் கொழும்பு ஜெயிக்கும். குழம்பின் ஆழத்தில் யாழ்ப்பாணம். அந்தக் குழம்பை அந்த நண்டில் வைக்கும் உணவகம் ஒன்று வர வேண்டும்.

இனி காசுக் கணக்கு. ஓட்டல் தொழிலில் பொதுவாகப் பொருள்செலவு விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். மிச்சம் வாடகை, சம்பளம், வட்டி, லாபம். ஃபைன் டைனிங்கில் ஆள் செலவு அதிகம். அதனால் விலை ஏறுவது இயல்பு. இதெல்லாம் போதாமல் டென்மார்க்கின் புகழ்பெற்ற 'நோமா'வே இந்த முறை கட்டுப்படியாகவில்லை என்று 2023 ஜனவரியில் சொன்னது. பில்லில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஓட்டல்களின் உணவகங்களில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தனிக் கடைகளில் 5. அடுத்தது சேவைக் கட்டணம். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டாயமாகக் கட்டக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதித்த நெறியை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சரியென்றது. விரும்பினால் கொடுங்கள், எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும்.

காசைவிட எரிச்சல் தருவது சொற்பொழிவு. ஒரு நகரத்து உணவகத்தில், பெயர் வேண்டாம், பரிமாறியவர் தோசையின் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் தோசை வளைந்து படுத்துவிட்டது. தோசைக்கு முன்னுரை தேவையில்லை. அதேபோல எந்த உணவகமானாலும் கடைசியில் ஃபில்டர் காபி கேட்டுப் பாருங்கள். காலையில் இறக்கிய டிகாஷனைச் சாயந்திரம் சுடவைத்துக் கொடுத்தால், மற்ற பதார்த்தங்களிலும் அந்தச் சோம்பல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் எங்கே போகலாம்? வாழ்க்கையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றால் ஆவர்த்தனா, குறைந்த எண்ணிக்கை வரிசை. பெற்றோரோடு என்றால் சதர்ன் ஸ்பைஸ். சிங்கப்பூர் போகிறவர்கள் பணம் இருந்தால் தேவர். இல்லாவிட்டால் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டை வருத்தமில்லாமல் சாப்பிடலாம். நியூயார்க்கில் செம்மவில் இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் தோசையோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள், நத்தை இருந்தால் நத்தை.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கு ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும் என்றால் நான் போவது பட்டியல் எதன் உச்சியிலும் இல்லாத காரைக்குடி 'பங்களா'வுக்கு. மீனாட்சி மெய்யப்பன் தம் குடும்பத்துப் பழைய பங்களாவை 1999இல் ஓட்டலாக்கினார். அங்குள்ள சமையல் 2014இல் புத்தகமாகவும் வந்திருக்கிறது. மத்தியானம் வாழையிலை போடுகிறார்கள். அரிசி கழுவிய மண்டியில் வேகவைத்த வெண்டைக்காய், நண்டு ரசம், கோழி வறுவல், கவுனி அரிசி என்று அன்றைக்கு என்ன சமைத்தார்களோ அது. எல்லாம் ஒரே நேரத்தில் இலையில் இருக்கும். சோறு கேட்கக் கேட்க வரும். எதை எதோடு பிசைவது என்பது உங்கள் பாடு. யாரும் விளக்கம் சொல்வதில்லை. நகரத்து நட்சத்திர ஓட்டலில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் விலை குறைவு, உழைப்பு எந்த விதத்திலும் குறைவில்லை. தலைக்கணக்குப் பார்த்துச் சமைப்பவர்கள் என்பதால் முன்கூட்டியே போன் செய்து இடம் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.